சீக்கிரம் வரும் பஸ்ஸுக்குச் சிவப்பு

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 'ஒன்பஸ்அவே' என்றொரு செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் நிறுத்தத்துக்கு அடுத்து எந்த பஸ், எத்தனை நிமிடத்தில் வரும் என்று வரிசையாகக் காட்டும். நேரத்துக்கு வரும் பஸ் பச்சையில் இருக்கும். தாமதமாக வருவது நீலத்தில். சிவப்பை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிடும் பஸ்ஸுக்கு.

முதல் தடவை பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும். தாமதம்தானே தப்பு? டிப்போ மேலாளரைக் கேட்டால் ஆமாம் என்பார். அவர் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழிக்க வேண்டியது அதுதான். ஆனால் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவரை யோசித்துப் பாருங்கள். பஸ் ஆறு நிமிடம் தாமதம் என்றால், அவருக்கு ஆறு நிமிடம் கையில் வந்து சேர்கிறது. இரண்டு நிமிடம் முன்னால் வருகிறது என்றால், அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் பஸ் போயே போய்விடும். அவர் ஓட வேண்டியது அந்த பஸ்ஸுக்காகத்தான். எச்சரிக்கை நிறம் அங்கேதான் இருக்க வேண்டும்.

நிறத்தை மாற்றுவது பத்து நிமிட வேலை. அதை யார் பக்கம் நின்று தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பஸ் செயலியைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பெரும்பாலும் நடப்பது வேறு: வரைபடம் பளபளப்பாகும், அதில் குட்டி பஸ்கள் ஊர்ந்துபோகும், முகப்பில் வரவேற்பு வாசகம் சேரும். பயணிக்கு இதில் எதுவும் வேண்டாம். அவர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இப்போதே கிளம்பலாமா, டீ குடித்துவிட்டுப் போகலாமா, இன்னும் நிற்கலாமா, பேசாமல் ஷேர் ஆட்டோவில் ஏறிவிடலாமா? பஸ் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அந்த முடிவுக்கு ஒரு தடயம், அவ்வளவுதான். நல்ல செயலி தடயத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாது. முடிவு வரை கூடவே வரும்.

சியாட்டிலில் ஆரம்பத்திலேயே தகவலுக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேனியல் டெய்லியின் குழு 'மைபஸ்' என்ற சேவையை நடத்திவந்தது. ஓடும் பஸ்ஸின் இருப்பிடத்தை வைத்து அது எப்போது வந்துசேரும் என்று கணிப்பதற்கு அவர்கள் பயன்படுத்தியது கால்மன் வடிகட்டி. அப்பல்லோ விண்கலம் நிலவுக்குப் போகும் வழியைக் கணக்கிட உதவிய அதே கணித முறைதான். ஒவ்வொரு புது அளவீடு வரும்போதும் பழைய கணிப்பை எவ்வளவு நம்புவது, புது அளவீட்டை எவ்வளவு நம்புவது என்று எடைபோட்டுத் திருத்திக்கொண்டே போகும். கணிதத்தில் குறையில்லை. குறை, அந்தக் கணிப்பு நிறுத்தத்தில் நிற்பவர் கைக்கு எளிதாக வந்து சேராததில் இருந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பிரையன் ஃபெரிஸ் 2008இல் ஒன்பஸ்அவேயைத் தொடங்கினார். சிவில் பொறியியல் துறையிலிருந்து கேரி வாட்கின்ஸ் சேர்ந்துகொண்டார். ஆரம்பத்தில் அது சாதாரண தொலைபேசியிலேயே வேலை செய்தது. ஓர் எண்ணை அழைத்து நிறுத்தத்தின் எண்ணை அழுத்தினால், வரும் பஸ்களை ஒரு குரல் படிக்கும். குறுஞ்செய்தி அனுப்பினாலும் பதில் வரும். பிறகு வந்த ஐபோன் செயலிக்கு நிறுத்தத்தின் எண்கூட வேண்டாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அதுவே தெரிந்துகொள்ளும். கணிப்பு அதே கணிப்புதான். அதைக் கேட்டு வாங்க எத்தனை படி ஏற வேண்டும் என்பதுதான் குறைந்தது.

2009இல் 488 பயனர்களிடம் கேட்டபோது 92 சதவீதம் பேர், பொதுப் போக்குவரத்தின் மீது தங்கள் திருப்தி கூடியிருக்கிறது என்றார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். செயலி பிடித்துப்போனவர்தான் அதைப் பற்றிய கேள்வித்தாளை மெனக்கெட்டு நிரப்புவார். அதனால் வாட்கின்ஸும் ஃபெரிஸும் மற்ற ஆய்வாளர்களும் அடுத்ததாக பஸ் நிறுத்தங்களுக்கே போனார்கள். பயணி எப்போது வந்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று அளந்தார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று அவரிடமும் கேட்டார்கள்.

2011இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இரண்டு அடுக்கு. நிகழ்நேரத் தகவலைப் பார்ப்பவர்கள் தாங்கள் வழக்கமாகக் காத்திருப்பது 7.5 நிமிடம் என்றார்கள், பார்க்காதவர்கள் 9.9 நிமிடம் என்றார்கள். இதில் ஒரு பங்கு நிஜமான மிச்சம். செயலியைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர் நிறுத்தத்தில் நிற்கும் நேரம் கிட்டத்தட்ட 2 நிமிடம் குறைந்திருந்தது. மற்றப் பங்கு மனசு சம்பந்தப்பட்டது. கையில் தகவல் இல்லாமல் நிற்பவருக்கு, கடிகாரம் காட்டுவதைவிடக் கூடுதல் நேரம் நின்றதாகத் தோன்றியது. தகவலோடு நின்றவரிடம் அந்த மிகை காணப்படவில்லை.

வரிசைகளின் உளவியல் பற்றி டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதிய கட்டுரையில், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார். கால் கடுக்க நின்ற யாருக்கும் இது புதிதல்ல. ஆனால் வடிவமைப்பாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பஸ்ஸை ஒரு நொடிகூட வேகமாக ஓட்டாமல், காத்திருப்பின் பாரத்தை மட்டும் குறைக்க முடியும்.

காத்திருப்புக்கு ஒரு கணக்கும் இருக்கிறது, அது நம் உள்ளுணர்வுக்குப் பிடிபடாத கணக்கு. சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். நேரம் பார்க்காமல் வந்து நிற்பவர் சராசரியாக 5 நிமிடம் நிற்க வேண்டும், இல்லையா? பஸ்கள் அச்சு பிசகாமல் 10 நிமிட இடைவெளியில் வந்தால்தான் அது சரி. ஒரு தடவை 5 நிமிடம், மறு தடவை 15 நிமிடம் என்று மாறி மாறி வந்தாலும் சராசரி இடைவெளி 10தான். ஆனால் நீங்கள் வந்து நிற்கும் கணம், நீண்ட இடைவெளிக்குள் விழுவதற்கே வாய்ப்பு மூன்று மடங்கு அதிகம். அங்கே விழுந்தால் சராசரிக் காத்திருப்பு 7.5 நிமிடம், குட்டி இடைவெளியில் விழுந்தால் 2.5. மொத்தத்தில் 6.25 நிமிடம் என்று வரும். இரண்டு பஸ்களும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடியாகவே வந்தால் 10 நிமிடம் நிற்க வேண்டும். நிர்வாகத்தின் அறிக்கையோ அப்போதும் '10 நிமிடத்துக்கு ஒரு பஸ்' என்றுதான் சொல்லும், அதில் பொய்யும் இருக்காது.

பஸ்கள் அப்படி ஒட்டிக்கொள்வதும் யாருடைய சோம்பேறித்தனத்தாலும் அல்ல. கொஞ்சம் பிந்திய பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் கூட்டம் சேர்கிறது. ஏற்றி இறக்க நேரமாகிறது, இன்னும் பிந்துகிறது. பின்னால் வருவதற்குக் கூட்டமே மிஞ்சுவதில்லை. அது நிற்காமல் வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. நியூவெல்லும் பாட்ஸும் 1964இலேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். அதனால் கால அட்டவணையை மட்டும் அழகாக அச்சிட்டுக் காட்டும் செயலி, பயணியின் உண்மையான காத்திருப்பைப் பற்றி அநேகமாக எதுவுமே சொல்வதில்லை.

இப்போது இந்தத் துறையின் மிகச் சுவையான சிக்கலுக்கு வருவோம். செயலி '8 நிமிடம்' என்கிறது. அந்த 8க்கு என்ன பொருள்?

கணிப்புக்குப் பின்னால் இருப்பது ஓர் ஒற்றை எண் அல்ல; வாய்ப்புகளின் பரவல். சிக்னல், மழை, ஒரு பாட்டி படியேற எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் சேர்ந்து, 6 நிமிடத்திலும் வரலாம், 13 நிமிடத்திலும் வரலாம். திரையில் '8' என்று மட்டும் போட்டால், நிரலுக்குத் தெரிந்த அந்தச் சந்தேகம் முழுவதையும் பயணியிடமிருந்து மறைக்கிறோம். 8 நிமிடத்தை நம்பி ஏழாவது நிமிடம் வந்து சேர்ந்தவர் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்க்கிறார். கணிப்பு சொல்லப்போனால் சரியாகத்தான் இருந்தது. அதைச் சொன்ன விதம்தான் தப்பு.

சந்தேகத்தைக் காட்டலாம் என்றால் எப்படிக் காட்டுவது? புள்ளியியல் பாடப்புத்தகத்தில் வரும் மணி வடிவ வளைகோட்டை பஸ் நிறுத்தத்தில் நிற்பவரிடம் நீட்ட முடியாது. 2016இல் மேத்யூ கே, டாரா கோலா, ஜெசிகா ஹல்மன், ஷான் மன்சன் ஆகியோர் ஒரு வழி சொன்னார்கள். சாத்தியங்களை 20 புள்ளிகளாக உடைத்து நேரக்கோட்டின் மேல் அடுக்கிவிடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு. 8 நிமிடத்தின் மேல் புள்ளிகள் குவிந்திருக்கும். 6இன் மேல் ஒன்றிரண்டு, 13இன் மேல் ஒன்று.

இதைப் பயன்படுத்தும்போது நடப்பதைக் கவனியுங்கள். நான் நிறுத்தத்துக்குப் போக 7 நிமிடம் ஆகும். 7க்கு இடப்பக்கம் எத்தனை புள்ளிகள்? எண்ணிப் பார்க்கிறேன்: இரண்டு. அதாவது இதே நிலைமை இருபது நாள் வந்தால் இரண்டு நாள் பஸ்ஸைத் தவறவிடுவேன். சாதாரண நாளென்றால் பரவாயில்லை, நிதானமாக நடக்கலாம். நேர்முகத் தேர்வுக்குப் போகும் நாளென்றால் இப்போதே ஓட வேண்டும். '10 சதவீதம்' என்று எழுதியிருந்தால் மனசில் ஒட்டாதது, 'இருபதில் இரண்டு' என்று கண்ணால் எண்ணும்போது ஒட்டுகிறது. நாம் காலங்காலமாக உலகத்தை எண்ணித்தான் பழகியிருக்கிறோம். சதவீதம் நேற்று வந்தது.

புள்ளிகளை மக்கள் சரியாகப் படிக்கிறார்கள் என்பது மட்டும் போதாது. அதை வைத்து நல்ல முடிவு எடுக்கிறார்களா? 2018இல் மைக்கேல் ஃபெர்னாண்டஸும் அதே குழுவைச் சேர்ந்த சிலரும் அதைச் சோதித்தார்கள். பங்கேற்றவர்கள் எப்போது நிறுத்தத்துக்குக் கிளம்புவது என்று முடிவு செய்ய வேண்டும். முடிவு எவ்வளவு நன்றாக இருந்ததோ அதற்கேற்ப வெகுமதி. 50 புள்ளிகள் கொண்ட படத்தைப் பார்த்தவர்களின் முடிவுகள், எட்டக்கூடிய உச்ச வெகுமதியில் 97 சதவீதத்தைத் தொட்டன. ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தவர்களைவிட 5 சதவீதப் புள்ளிகள் கூடுதல். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்களின் முடிவுகள் ஒருமுறைக்கு ஒருமுறை அலைபாயாமல் நிதானமாக இருந்தன என்பது. சந்தேகத்தை வார்த்தையில் எழுதிக் காட்டியது இந்த அளவுக்கு உதவவில்லை. எந்த சதவீதத்தைச் சொல்லத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பலன் ஏறி இறங்கியது.

பொதுமக்களுக்கு இதெல்லாம் குழப்பமாக இருக்கும், ஓர் எண் போதும் என்று வடிவமைப்புக் கூட்டங்களில் ஒருவராவது சொல்வார். குழப்புவது சந்தேகத்தைக் காட்டுவதல்ல என்பதே இந்தச் சோதனையில் தெரிவது. ஆறு மாதம் பொய்த்துப்போன '8 நிமிட'ங்களைப் பார்த்தவர் செயலியை அழித்துவிடுகிறார். அது குழப்பமில்லை, தெளிவான தீர்ப்பு.

நேர்மையின் இன்னொரு சின்ன இடம்: பஸ்ஸிலிருந்து தகவலே வராதபோது என்ன காட்டுவது? ஜிபிஎஸ் கருவி பழுதாகியிருக்கலாம், சமிக்ஞை கிடைக்காமல் போயிருக்கலாம். அப்போது பல செயலிகள் சத்தமில்லாமல் கால அட்டவணை நேரத்தை எடுத்து, நிஜக் கணிப்பு போலவே அதே எழுத்தில் போட்டுவிடும். 5, 4, 3 என்று இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் யாரும் வராமல் வரி மட்டும் மறைந்துபோகும். ஒன்பஸ்அவே அட்டவணை நேரத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு எதையும் தருவதில்லை, நிறமில்லாமல் விட்டுவிடுகிறது. நிறம் இருந்தால் பஸ் பேசுகிறது, இல்லாவிட்டால் காகிதம் பேசுகிறது.

வரைபடம் பற்றி என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். செயலியைத் திறந்ததும் முதலில் வரைபடம் வருவது பெரும்பாலான நாள்களில் வீண். தினமும் ஒரே நிறுத்தத்தில் ஏறுகிறவருக்கு ஊரின் படம் எதற்கு? நான்கு வரிப் பட்டியல் போதும். பட்டியலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு: அதைத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும். பார்வையற்றவருக்கு வரைபடம் ஊமை.

அவர்களுக்காக ஒன்பஸ்அவேயோடு சேர்த்து 'ஸ்டாப்இன்ஃபோ' என்ற ஒன்றையும் ஆய்வாளர்கள் உருவாக்கி 2014இல் அதைப் பற்றி எழுதினார்கள். பார்வையற்ற பயணிகளோடு பேசியபோது, பஸ் எப்போது வரும் என்பதற்கு முந்தைய கேள்வி ஒன்று வெளிப்பட்டது: நிறுத்தம் எங்கே இருக்கிறது? ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். கண் தெரிந்தவருக்கு அது பொருட்டல்ல, நிமிர்ந்து பார்த்தால் பலகை தெரியும். கைத்தடியோடு நிற்பவருக்கு அந்தச் சில மீட்டரில் பஸ் தாண்டிப் போய்விடும். அதனால் நிறுத்தம் சாலைச் சந்திப்புக்கு முன்னாலா தாண்டியா, பலகை இருப்பது எப்படிப்பட்ட கம்பத்தில், நிழற்குடை உண்டா, பெஞ்சு உண்டா என்ற தகவல்களைத் திரட்டினார்கள்; பேருந்து நிர்வாகத்திடம் இருந்ததோடு பயணிகள் தந்ததையும் சேர்த்துக்கொண்டார்கள். தொட்டு அறியக்கூடிய அடையாளங்கள்தான் அத்தனையும். செயலியின் தரவுத்தளத்தில் ஒரு நிறுத்தம் என்பது வெறும் அட்சரேகை, தீர்க்கரேகை, பெயர் என்று இருந்த இடத்தில், முதன்முறையாக ஒரு கம்பம் முளைத்தது.

விரல் எட்டும் இடம், எழுத்தின் அளவு போன்றவற்றுக்கு விதிகள் ஏற்கனவே இருக்கின்றன. இலக்கு சிறிதாகவும் தொலைவிலும் இருந்தால் அதைத் தொட நேரமும் பிழையும் கூடும் என்று பால் ஃபிட்ஸ் 1954இலேயே அளந்து காட்டிவிட்டார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் தொடுகிறவருக்கு அடிக்கடி தேவைப்படும் பொத்தான் திரையின் கீழ்ப்பாதியில் பெரிதாக இருக்கட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது இணைய அணுகல்தன்மை வழிகாட்டி. மத்தியான வெயிலில் வெளிர் சாம்பல் எழுத்தைப் படிக்க முயன்றவர் அதைவிடக் கூடுதலாகவே கேட்பார்.

செயலியால் எவ்வளவு சாதிக்க முடியும் என்பதில் கால் தரையில் இருப்பது நல்லது. ஒன்பஸ்அவேயின் நிரல் திறந்த மூலம் என்பதால் நியூயார்க்கும் ஃபுளோரிடாவின் டாம்பாவும் அதை எடுத்துக்கொண்டன. டாம்பாவில் ஒரு குழுவுக்குச் செயலியைக் கொடுத்தும் இன்னொரு குழுவுக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். காத்திருப்பு குறைந்தது, ஆனால் பஸ் ஏறுவது குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. நியூயார்க்கில் நிகழ்நேரத் தகவல் வந்த தடங்களில் வார நாள் பயணிகள் சுமார் 1.7 சதவீதம் கூடினார்கள் என்று கேண்டஸ் பிரேக்வுட் குழு 2015இல் கணக்கிட்டது. நல்ல எண்தான். ஆனால் புது பஸ் வாங்க வேண்டிய பணத்தைச் செயலியில் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவருக்கு அது ஆறுதல் தராது.

சென்னையில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. சியாட்டிலில் தேறிய திரையை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் சரிப்படாது, ஏனென்றால் இங்கே நிறுத்தத்தில் எழும் கேள்வி வேறு. 2021 மே மாதத்திலிருந்து 'ஒயிட் போர்டு' எனப்படும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. டீலக்ஸிலும் ஏசியிலும் கட்டணம் உண்டு. ஆகவே ஒரு பெண் பயணிக்கு '21ஜி, 6 நிமிடம்' என்பது பாதிப் பதில். அது ஒயிட் போர்டா இல்லையா? ஆறு நிமிடத்தில் வருவது டீலக்ஸ், பதினான்கு நிமிடத்தில் வருவது ஒயிட் போர்டு என்று ஒரே பார்வையில் தெரிந்தால்தான் அவரால் முடிவெடுக்க முடியும். எட்டு நிமிடத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதானே அவருடைய கணக்கு. 2022இல் சில கட்டணமில்லாப் பேருந்துகளின் முகப்பிலும் பின்புறத்திலும் இளஞ்சிவப்பு பூசினார்களே, அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், எந்தத் திரையையும்விட நல்ல இடைமுகம் அது. தூரத்திலேயே தெரியும், சார்ஜ் தேவையில்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. அண்ணா சாலையில் நின்று சைதாப்பேட்டை போக வேண்டியவர் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை. அந்தப் பக்கம் போகும் எது முதலில் வருகிறதோ அதில் ஏறுவார். பொதுத் தடச் சிக்கல் என்று இதற்குப் பெயர். ஷ்ரிகியும் ரொபியாரும் 1975இல் இதை ஆராய்ந்து, ஏறத்தகுந்த தடங்களை ஒரு தொகுப்பாக வைத்துக்கொண்டு அதில் முதலில் வருவதில் ஏறுவதுதான் நல்ல உத்தி என்று காட்டினார்கள். நம் பயணிகள் அதைத் தினமும் செய்கிறார்கள். தட எண்ணைக் கொடுத்தால்தான் பதில் சொல்வேன் என்று நிற்கும் செயலி, பயணிக்கு ஏற்கனவே தெரிந்த உத்தியை மறக்கச் சொல்கிறது. 'சைதாப்பேட்டை' என்று தட்டினால் எல்லா எண்களும் கலந்து, வரும் வரிசையில் வர வேண்டும். தேடல் பெட்டி பிராட்வேயையும் பாரிமுனையையும் ஒரே இடமாக, தி.நகரையும் தியாகராய நகரையும் ஒரே ஊராக அறிந்திருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஜேகப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் போட்ட கணக்கின்படி, ஒரு பயனரை வைத்துச் சோதித்தால் வடிவமைப்பின் குறைகளில் சராசரியாக 31 சதவீதம் வெளிப்படும். ஐந்து பேரிடம் சோதித்தால் சுமார் 85 சதவீதம். ஆறாவது, ஏழாவது ஆளிடம் பெரும்பாலும் பார்த்த குறைகளையே திரும்பப் பார்ப்போம். ஐந்து பேரிடம் சோதித்து, திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரிடம் போவது நல்லது. ஆனால் அந்த ஐந்து பேரும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் சக ஊழியர்களாக இருந்தால் கணக்கு பலிக்காது. காகிதத்தில் வரைந்த திரைகளோடு காலை ஏழு மணிக்கு நிறுத்தத்துக்குப் போங்கள். ஐவரில் ஒருவர் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணாக இருக்கட்டும், ஒருவர் ஊருக்குப் புதிதாக வந்த வடமாநிலத் தொழிலாளி, ஒருவர் கைத்தடியோடு நிற்பவர், ஒருவர் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தவர், ஒருவர் கல்லூரி மாணவர். திரையை நீட்டி, அடுத்து என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அவர் பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பி 'இது எங்கே போகும்?' என்று கேட்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.